போர்ச் செய்தி ஏன் அலுத்துப்போகிறது?

2023 ஏப்ரலில் எல் ஃபாஷர் என்ற ஊர்ப்பெயர் சில நாள் இந்தியச் செய்திகளில் அடிபட்டது. சூடானின் மேற்கே, டார்ஃபூர் வட்டாரத்தில் உள்ள பெரிய நகரம் அது. கர்நாடகத்தின் ஹக்கிபிக்கி பழங்குடியினர் 31 பேர் மூலிகை மருந்து விற்கப் போன இடத்தில் சண்டை மூண்டு, அங்கே மாட்டிக்கொண்டார்கள். நம் ஊர் நரிக்குறவர்கள் பேசும் வாக்ரி மொழிக்கு உறவான மொழியைப் பேசுபவர்கள் அவர்கள். கர்நாடகத்தில் அப்போது சட்டமன்றத் தேர்தல் நேரம். சித்தராமையா ட்விட்டரில் கேள்வி கேட்க, வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் காட்டமாகப் பதில் சொல்ல, ஓரிரு நாள் அதுவே பேச்சு. பிறகு 'ஆபரேஷன் காவேரி' என்று பெயரிட்டு, கப்பலிலும் விமானத்திலுமாக 3,862 பேரை இந்தியா மீட்டுக் கொண்டுவந்தது. அதில் தமிழர்களும் உண்டு. மே முதல் வாரத்தில் மீட்பு வேலை முடிந்தது. அத்தோடு சூடானும் நம் பத்திரிகைகளின் முதல் பக்கத்திலிருந்து இறங்கிவிட்டது.

போர் முடியவில்லை. அப்துல் ஃபத்தா அல் புர்ஹானின் ராணுவத்துக்கும், ஹெமெத்தி என்று அழைக்கப்படும் முகமது ஹம்தான் டகாலோவின் ஆர்.எஸ்.எஃப். துணை ராணுவப் படைக்கும் 2023 ஏப்ரல் 15-இல் தொடங்கிய சண்டை அது. அதனால் வீட்டைவிட்டு ஓடியவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். 2024 மே மாதம் முதல் எல் ஃபாஷரை ஆர்.எஸ்.எஃப். முற்றுகையிட்டது. ஊருக்கு அருகே இருந்த ஸம்ஸம் அகதி முகாமில் அந்த ஆகஸ்டிலேயே பஞ்சம் என்று அறிவித்தார்கள். நகரத்துக்குள் தானியம் தீர்ந்தபோது மக்கள் அம்பாஸ் தின்றார்கள். வேர்க்கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்குதான் அம்பாஸ், கால்நடைக்குப் போடுவது. கடைசியில் அதற்கும் தட்டுப்பாடு. 2025 அக்டோபர் 26-இல் நகரம் விழுந்தது. அங்கிருந்த மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகத் தகவல் வந்திருக்கிறது என்றது உலக சுகாதார நிறுவனம். கொன்றவர்களே அதைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்பினார்கள். மண்ணின் நிறம் மாறியிருந்த இடங்களை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று செயற்கைக்கோள் படங்களில் சுட்டிக்காட்டியது. சில நாள் உலகம் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட செய்தி வந்தால் ஒரே வீட்டுக்குள் நாலு பேர் நாலு விதமாக நடந்துகொள்கிறார்கள். "சாப்பிடுற நேரத்துல அதை மாத்துடா" என்கிறார் ஒருவர். இன்னொருவர் ராத்திரி ஒரு மணிக்கும் போர்வைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு அடுத்த வீடியோ, அடுத்த வீடியோ என்று போய்க்கொண்டிருக்கிறார். மூன்றாமவருக்குக் கோபம் வருகிறது: "அந்த நாட்டுக்கு மட்டும் அழுதீங்களே, இதுக்கு ஏன் வாயைத் திறக்கல?" நாலாமவர் "இதெல்லாம் ஏ.ஐ. வீடியோ, நம்பாதே" என்று சொல்லி எழுந்து போகிறார். இவர்களில் ஒருவருக்கு இதயம் இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை என்று முடிவுகட்டுவது சுலபம். ஆராய்ச்சிகள் காட்டுவது அதையல்ல.

முதலில், இந்தச் சலிப்பு எவ்வளவு பரவலானது என்று பார்ப்போம். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு மையம் பல நாடுகளில் ஆண்டுதோறும் கருத்துக்கணிப்பு எடுக்கிறது. செய்தியை அவ்வப்போதோ அடிக்கடியோ வேண்டுமென்றே தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017-இல் 29 சதவீதம். 2025-இல் 40 சதவீதம். ஏன் என்று கேட்டபோது, மனநிலையைக் கெடுக்கிறது என்ற பதில் முதலில் வந்தது. போர்ச் செய்தி அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று சொன்னவர்கள் பத்துக்கு மூன்று பேர். தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டவர்களும் கணிசமாக இருந்தார்கள். இந்தக் கடைசிப் பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயத்தின் சாவி அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வேறு. எண்ணிக்கை பெரிதானால் மனசு மரத்துவிடும் என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த விஷயம் இது. அவரும் சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்று பெயர்பெற்றது. சிறு கணக்கெடுப்பு ஒன்றுக்குக் கூலியாக ஆளுக்கு ஐந்து டாலர் கொடுத்துவிட்டு, அதிலிருந்து விரும்பியதைப் பட்டினி நிவாரணத்துக்குத் தரலாம் என்றார்கள். ஒரு குழுவுக்கு மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் சொன்னார்கள். அவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு லட்சக்கணக்கானோர் பட்டினி என்ற புள்ளிவிவரம், கிடைத்தது 1.14 டாலர். மூன்றாவது குழுவுக்குச் சிறுமியின் கதையையும் காட்டிப் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தொகை கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43-க்கு இறங்கிவிட்டது. கணக்கு உள்ளே வந்ததும் ரோக்கியாவும் கணக்கில் ஒன்றாகிவிட்டாள்.

ஆனால் இது பாதிக் கதைதான். டாரில் கேமரன், கீத் பெய்ன் என்ற இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. அவர்கள் எடுத்துக்கொண்டது சூடானின் உள்நாட்டுப் போரில் அகதியான குழந்தைகளையே. சிலருக்கு ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னார்கள், சிலருக்கு எட்டுக் குழந்தைகளைப் பற்றி. கூடவே, பாதிப் பேரிடம் "பிறகு உங்களிடம் நன்கொடை கேட்போம்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். மீதிப் பேரிடம் சொல்லவில்லை. நன்கொடை கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் எட்டுப் பேர்மேல் இரக்கம் குறைந்தது. கேட்கமாட்டார்கள் என்று நினைத்தவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

அப்படியென்றால் இரக்கம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இறைக்க இறைக்க வற்றிப்போகவில்லை. இதற்குள் போனால் நம்மால் தாங்க முடியாத ஒன்று நம்மிடம் கேட்கப்படும் என்று மனசு முன்கூட்டியே மோப்பம் பிடித்து, மூடியைப் போட்டுவிடுகிறது. உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்களிடம்தான் இந்தச் சரிவு அதிகமாகத் தெரிந்தது என்பது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. கல்மனசுக்காரர் என்று நாம் திட்டும் ஆள், உண்மையில் பயந்தவராக இருக்கக்கூடும். "என்னால் என்ன செய்ய முடியும்" என்ற அந்தக் கருத்துக்கணிப்புப் பதிலுக்கு இங்கேதான் அர்த்தம் கிடைக்கிறது.

மனசின் கதை இப்படி. ஆனால் எந்தப் போருக்கு மூடி போடுகிறோம், எதற்குத் திறக்கிறோம் என்பதை மனசு மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைப் பார்க்க எல் ஃபாஷரை விட்டு எங்கும் போகவேண்டாம். இருபது ஆண்டு பின்னால் போனால் போதும்.

2003 பிப்ரவரியில் டார்ஃபூரில் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அதிபர் ஒமர் அல் பஷீரின் அரசு அதை அடக்க ஜஞ்சவீத் என்ற குதிரைப்படைக் கூலிகளை ஏவிவிட்டது. கிராமங்கள் எரிந்தன. செத்தவர்கள் மூன்று லட்சம் வரை இருக்கலாம் என்றது பிற்கால ஐ.நா. மதிப்பீடு. இன்றைய ஆர்.எஸ்.எஃப். அந்த ஜஞ்சவீத் ஆட்களைக் கொண்டு 2013-இல் உருவாக்கப்பட்ட படைதான். ஊரும் அதேதான், கொன்றவர்களும் பெரும்பாலும் அதே வழிவந்தவர்கள். கொல்லப்பட்டவர்களிலும் ஃபூர், மஸாலித், ஸகாவா என்று அதே மக்கள்.

உலகம் மட்டும் அன்று வேறு மாதிரி நடந்துகொண்டது. சூடானில் ஐ.நா.வின் தலைமை அதிகாரியாக இருந்த, இந்தியாவில் பிறந்த முகேஷ் கபிலா 2004 மார்ச்சில் பி.பி.சி.யிடம் பேசும்போது ருவாண்டாவோடு டார்ஃபூரை ஒப்பிட்டார். நேரம் அப்படி அமைந்தது. ருவாண்டா இனப்படுகொலையின் பத்தாம் ஆண்டு நினைவு அடுத்த மாதம்; அன்று பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம் என்ற குற்ற உணர்ச்சி எல்லாத் தலைநகரங்களிலும் இருந்தது. ஏப்ரல் 7-இல் நினைவு நாள் உரையாற்றிய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் டார்ஃபூரைக் குறிப்பிட்டே பேசினார். ஜூலையில் அமெரிக்க யூத அமைப்புகளின் முன்முயற்சியில் 'டார்ஃபூரைக் காப்போம்' கூட்டமைப்பு பிறந்தது. செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் இதை இனப்படுகொலை என்றே சொன்னார். கல்லூரி மாணவர்கள் கையில் பச்சைப் பட்டை கட்டிக்கொண்டார்கள். 2006 ஏப்ரல் 30-இல் வாஷிங்டனில் பெரும் பேரணி. மேடையில் நடிகர் ஜார்ஜ் குளூனி, நோபல் பரிசு பெற்ற எலி வீசல், அப்போது இளம் செனட்டராக இருந்த ஒபாமா.

கேட்க உற்சாகமாக இருக்கிறது. கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் சங்கடமாகவும் இருக்கிறது. கொலைகளில் பெரும்பகுதி நடந்தது 2003-லும் 2004-லும். கூட்டம் திரண்டது 2006-இல். உகாண்டாவைச் சேர்ந்த அறிஞர் மஹ்மூத் மம்தானி, 'அரபியர் கெட்டவர், ஆப்பிரிக்கர் நல்லவர்' என்று டார்ஃபூரைச் சினிமாக் கதையாகச் சுருக்கிவிட்டார்கள் என்று 2009-இல் ஒரு புத்தகமே எழுதினார். இன்னொன்று: ஃபேஸ்புக்கில் இந்த இயக்கத்துக்கு இருந்த பக்கத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். ஆய்வாளர்கள் மூவர் அந்தப் பக்கத்தின் கணக்கை எடுத்து 2014-இல் வெளியிட்டார்கள். சேர்ந்தவர்களில் 99.76 சதவீதம் பேர் அதன்வழி ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை. பெரும்பாலோர் இன்னொரு ஆளைச் சேர்க்கவும் இல்லை. சேர்ந்ததோடு சரி.

அப்படியானால் அந்தக் கவனமெல்லாம் வீணா? வீணென்று சொல்ல மாட்டேன். 2005 மார்ச் 31-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை டார்ஃபூர் விவகாரத்தைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2009-இல் அல் பஷீருக்கே பிடியாணை. ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேர்ந்து அமைத்த அமைதிப்படை 2008 முதல் 2020 முடியும்வரை அங்கே இருந்தது. ஜஞ்சவீத் தலைவர்களில் ஒருவரான அலி குஷைபை அந்த நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது 2025 அக்டோபர் 6-இல். சரியாக இருபது நாள் கழித்து எல் ஃபாஷர் விழுந்தது. பழைய கவனத்தின் பலன் இத்தனை தாமதமாக வந்து சேர்ந்தபோது, அடுத்த படுகொலை வாசலில் நின்றது.

சரி, இரண்டாம் முறை ஏன் அந்த ஆரவாரம் இல்லை? கதை சிக்கலாகிவிட்டது என்பது முதல் காரணம். 'இரண்டு தளபதிகளின் அதிகாரச் சண்டை' என்று செய்தி நிறுவனங்கள் தலைப்பிட்டதும், யார் பக்கம் நிற்பது என்று தெரியாத வாசகர் விலகிவிடுகிறார். அது தவறான தலைப்பில்லை, ஆனால் பட்டினி கிடந்த மக்கள் அதற்குள் வரவே இல்லை. அடுத்தது, போட்டி. உக்ரைன் போர் ஏற்கெனவே இரண்டாம் ஆண்டில் இருந்தது. சூடான் போர் தொடங்கி ஆறே மாதத்தில் காஸா. மூன்றாவது, நேரில் போய்ப் பார்க்க ஆளில்லை. வெளிநாட்டு நிருபர்களுக்கு டார்ஃபூருக்குள் நுழைவதே பெரும்பாடு. 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் தொலைத்தொடர்பு செத்துக் கிடந்தது. காஸாவிலிருந்து உள்ளூர் இளைஞர்கள் தினமும் அனுப்பிய மாதிரிப் படங்கள் எல் ஃபாஷரிலிருந்து வெளியே வர வழியில்லை. கடைசியில் வந்தவை கொலையாளிகள் பெருமைக்கு எடுத்தவை.

நாலாவது காரணத்தை வெளியில் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. "டார்ஃபூரா? அங்கே எப்பவும் அப்படித்தானே" என்கிற எண்ணம். முதல் தடவை அதிர்ச்சி தந்த அதே செய்தி இரண்டாம் தடவை அந்த ஊரின் தலையெழுத்து மாதிரித் தெரிகிறது. என்னைக் கேட்டால் சலிப்பின் மிகக் கொடிய வடிவம் இதுதான். இது பார்ப்பவரின் களைப்பைப் பாதிக்கப்பட்டவரின் இயல்பாக மாற்றிவிடுகிறது. 2022 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிருபர் ஒருவர், கீவ் ஒன்றும் ஈராக், ஆப்கானிஸ்தான் போன்ற இடமல்ல, ஓரளவு நாகரிகமான இடம் என்று நேரலையில் பேசிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். வாய் தவறிச் சொன்னார் என்று விடலாம். ஆனால் பல செய்தி அறைகளில் பக்கம் ஒதுக்கும்போது ஓடும் நினைப்பு அதிலிருந்து வெகுதூரம் இல்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. 2009 மே மாதம் இலங்கையின் வன்னியில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். கடைசிக் கட்டத்தில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது. முள்ளிவாய்க்காலின் அந்த நாட்களில் இங்கே மக்களவைத் தேர்தல்: மே 13 வாக்குப்பதிவு, மே 16 வாக்கு எண்ணிக்கை. மாலையானால் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஐ.பி.எல். நேரலை. அதே மே 10-ஆம் தேதி டொரண்டோவில் ஆயிரக்கணக்கான தமிழர்கள், குழந்தைகளோடு, கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி உட்கார்ந்து பல மணி நேரம் போக்குவரத்தை மறித்தார்கள். அவர்களுடைய கணக்கு வேறு எதுவும் இல்லை: கனடாக்காரர்கள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். ஆனால் அடுத்து நடந்த விவாதத்தில் பெரும்பங்கு, சாலையை மறிக்கலாமா கூடாதா என்பது. காரில் சிக்கியவர்கள் எல்லோரும் கெட்டவர்களா? பலருக்கு அந்தத் தீவு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. ஒருவருக்கு உயிர்போகிற விஷயம் இன்னொருவருக்கு வீடு போய்ச் சேரத் தாமதம். தூரத்துப் போர்கள் வந்து இறங்கும் ஊர்களிலெல்லாம் இந்த உரசல் உண்டு.

"அதுக்கு அழுதாய், இதுக்கு ஏன் அழவில்லை" என்ற கேள்வியின் கோபம் இங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது. கேட்கிற இடம்தான் பெரும்பாலும் தப்பு. பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணீருக்கு வரிவிதிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. உறவு, மொழி, மதம், அங்கே படிக்கப் போன பிள்ளை, வேலைக்குப் போன அண்ணன் இவற்றின் வழியாகத்தான் யாருக்கும் முதல் துடிப்பு வருகிறது. ஹக்கிபிக்கி மக்களுக்காக எல் ஃபாஷரைத் தேடிப் பார்த்தோமே, அது போல. அதைக் குறை சொல்வதில் பயனில்லை. கேள்வியைக் கேட்க வேண்டியது செய்தி ஆசிரியர்களிடம், அரசுகளிடம், ஆயுதம் விற்பவர்களிடம்.

இனி, நிறுத்த முடியாமல் பார்த்துக்கொண்டே இருப்பவர். இவர் அக்கறையுள்ளவர் என்று பெயர் வாங்குவார். ஆனால் உடம்பு வேறு கணக்கு வைக்கிறது. 2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கானோரிடம் விசாரித்தார்கள். சம்பவத்துக்கு அடுத்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியைப் பார்த்தவர்களிடம் காணப்பட்ட மன அழுத்தம், குண்டு வெடித்த இடத்திலேயே இருந்தவர்களுடையதைவிட அதிகம். அப்படிப் பார்த்ததால் யாருக்காவது உதவி கிடைத்ததா என்றால் இல்லை. இன்று இவர் தாங்க மாட்டாமல் பார்க்கிறார்; சில மாதம் கழித்து "மாத்துடா" என்று சொல்பவராக மாறுவதும் பெரும்பாலும் இவரே. 'ஏ.ஐ. வீடியோ' என்று எழுந்து போனவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேறொரு போரின் பழைய வீடியோக்கள் புதிதாகச் சுற்றுவது உண்மைதான். ஆனால் அவருக்குச் சந்தேகம், வெளியே போக வாகான கதவு.

பயனுள்ளதாக ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் படாடோபமானது இல்லை. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம் உலகை உலுக்கியது. ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வந்த நன்கொடைகளை ஸ்லோவிக் குழு ஆராய்ந்தது. படம் வந்த வாரத்தில் நன்கொடைகளின் எண்ணிக்கை நூறு மடங்குக்கும் மேல் எகிறியது. ஆறு வாரத்துக்குள் அந்த அலை அடங்கிவிட்டது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் 'மாதாமாதம் தருகிறேன்' என்று எழுதிக்கொடுத்தவர்கள் முந்தைய மாதத்தைப்போல் பத்து மடங்கு. அவர்கள் அழுகை நின்ற பிறகும் தந்துகொண்டிருந்தார்கள். உணர்ச்சி ஏறியிருக்கும்போதே அதை ஒரு வழக்கத்தில் கட்டிவைத்ததுதான் அவர்கள் செய்தது.

சூடானுக்குள் உணவு போய்ச் சேர்வதும் இப்படித்தான். வெளிநாட்டு உதவி அமைப்புகள் பல விலகிய இடத்தில், 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் உள்ளூர் இளைஞர்கள் தெருவுக்குத் தெரு பொதுச் சமையல் நடத்துகிறார்கள். பருப்பு, சோளக்களி மாதிரியான அஸீதா. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றபோது அந்தச் சமையல் கூடங்களில் பெரும்பகுதி மூடப்பட்டது. மீந்தவை ஓடியதில் வெளிநாட்டில் வேலை செய்யும் சூடானியர்கள் வங்கிச் செயலி வழியே அனுப்பும் பணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த ஆண்டு 'ரைட் லைவ்லிஹுட்' விருது இந்த அவசர உதவி அறைகளுக்குக் கிடைத்தது.

உங்களுக்கு என்ன வழி? எல்லாப் போருக்கும் ஒருவர் ஈடுகொடுக்க முடியாது. ஒன்றை எடுத்துக்கொண்டு அதை விடாமல் படிக்கலாம். வரைபடத்தை ஒரு தடவை பார்த்து வைத்தால் அடுத்த செய்தி புரியும், புரிந்த செய்தி அவ்வளவு சீக்கிரம் அலுக்காது. கொடுப்பதென்றால் மாதம் இவ்வளவு என்று சின்னத் தொகையாகக் கொடுக்கலாம், கணக்குக் காட்டும் அமைப்பாகப் பார்த்து. வீடியோவைவிட எழுத்தாகப் படிப்பது நல்லது. நிதானமாகவும் படிக்கலாம், வேண்டாத இடத்தைத் தாண்டியும் போகலாம். வீடியோ தானாக ஓடுவதை நிறுத்த எல்லாச் செயலிகளின் அமைப்புப் பகுதியிலும் தேடிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு.